மலைநாட்டு மனைகள் (9): முதுகு ஒட்டிய லயம்

கண்டியிலிருந்து ஹங்குரன்கெத்தை, ரிக்கில்லகஸ்கடை வழியாக வலப்பனைக்கு வருகின்ற பிரயாணியும், நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக அதே வலப்பனைக்கு இறங்கி வருகின்ற பிரயாணியும் ஒரே பிரதேசத்தைக் கண்டதாகச் சொல்ல மாட்டார்கள். முன்னவர் கண்ணிற் படுவன மலைச்சரிவில் படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களும், பலாவும் கித்துளும் நிழல் செய்கின்ற சிங்களக் கிராமங்களும், அவற்றினிடையே வெள்ளை வெளேரென்று தோன்றும் தாதுகோபங்களும் ஆகும். பின்னவரோ மேட்டுச் சரிவுகளில் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையையும், அத்தேயிலையின் நடுவே தகரக் கூரை போர்த்து, மலையின் வளைவை ஒட்டி நீண்டு கிடக்கும் கட்டடங்களையும் கண்டுகொண்டே வருவார். இவ்விரண்டு வலப்பனைகளுள் பிந்தியதற்கு உரிய ஒரு கட்டடத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுகின்றேன். அதற்கு இரட்டை லயம் என்று பெயர்.

சென்ற வாரங்களில் நாம் பார்த்துவந்த வளவுகளுக்கும் பங்களாக்களுக்கும் பெயர் உண்டு. கட்டுவித்தவர் பெயர் உண்டு. பெட்டியைத் திறந்தால் காணி உறுதியும் நில அளவைப் படமும் உண்டு. சுவரிலே மாட்டிய பழைய புகைப்படமும் உண்டு. இத்தகைய மனைகளின் வரலாற்றை எழுதுவது, காகிதங்களைக் கால வரிசைப்படி அடுக்கத் தெரிந்த எவருக்கும் இயலும் காரியமே. இரட்டை லயத்துக்கோ ஓர் இலக்கம் மாத்திரமே உண்டு. பத்தாம் நம்பர் லயம் என்பார்கள். அன்றேல், இருக்கும் இடத்தைச் சுட்டி மேட்டு லயம், பணிய லயம் என்பார்கள். எந்த மேஸ்திரி கட்டினான், எந்தத் துரையின் காலத்திலே அத்திவாரம் போட்டார்கள் என்பன லயத்து மனிதர்க்கும் தெரியா. கொம்பனியின் கணக்குப் புத்தகங்களில் அது தேயிலைத் தொழிற்சாலைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் இடையில் ஒரு வரியாகக் கிடந்திருக்கும். இருப்பினும், மலைநாட்டில் எந்த வளவைக் காட்டிலும் எந்தப் பங்களாவைக் காட்டிலும் அதிகம் பேர் பிறந்து வளர்ந்து மடிந்த மனை இதுவேயாதலின், இத்தொடரில் இதற்கு இடமில்லையென்றால் தொடருக்கே அர்த்தமில்லை.

லயங்களில் ஒற்றை லயம், இரட்டை லயம் என இரு வகை உண்டு. ஒற்றை லயம் ஒரே வரிசைக் காம்பராக்களை உடையது. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் சுவர், அச்சுவருக்கு அப்பால் கோடிப்புறம். இரட்டை லயமாவது, அவ்வாறான இரு வரிசைகளை முதுகோடு முதுகு ஒட்ட வைத்து, நடுச்சுவர் ஒன்றையே இரு வரிசைக்கும் பொதுவாக்கி, இரு சரிவுக்கும் சேர்த்து ஒரே முகட்டை ஏற்றியதாகும். இந்தப் பக்கம் 6 காம்பரா, அந்தப் பக்கம் 6 காம்பரா என்ற கணக்கில் 12 குடும்பங்கள் வசிப்பது சாதாரணம். 24 காம்பராக்கள் கொண்ட நெடிய லயங்களும் உண்டு. காம்பராவின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. இஸ்தோப்பு ஏறக்குறைய 6 அடி அகலம். இந்த அளவுக்குள்ளேதான் சமையலும், படுக்கையும், பிள்ளைப்பேறும், பூப்பு நீராட்டும், சாவு வீடும் நடந்தேற வேண்டும்.

இவ்வாறு முதுகை ஒட்டிக் கட்டியதன் காரணத்தைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. குடும்பத்துக்கு ஒரு பின்சுவர் என்று கணக்கிட்டால், இரட்டை லயத்தில் சரிபாதிப் பின்சுவர்கள் மிச்சம். முகட்டு மரமும் இரண்டுக்குப் பதிலாக ஒன்று. அதனினும் மேலாக, 12 காம்பராவை ஒரே வரிசையாக நீட்டுவதற்கு மலையில் எவ்வளவு சமதரை வெட்ட வேண்டுமோ, அதன் நீளத்திற் பாதி வெட்டினாற் போதும். மிஞ்சிய சரிவில் தேயிலை நடலாம். தொழிலாளி குடியிருக்கும் நிலத்திலிருந்து வருமானம் இல்லை, தேயிலை நிற்கும் நிலத்திலிருந்தே வருமானம் என்பது தோட்டக் கணக்கின் முதற்பாடம். அக்கணக்கே இங்குச் சுவராகவும் கூரையாகவும் எழுந்து நிற்கின்றது என்று சொன்னால் மிகையாகாது.

கோப்பிக் காலத்து லயங்கள் வரிச்சுக் கட்டி மண் பூசி, மானாப்புல் வேய்ந்தவை. அவற்றுள் ஒன்றேனும் இன்று எஞ்சியிருக்க நியாயமில்லை. தேயிலை நிலைபெற்ற பின்னரே, மலையில் உடைத்த கருங்கல்லைச் சேற்றிலோ சுண்ணாம்பிலோ அடுக்கிச் சுவர் எழுப்பும் முறையும், நாகம் பூசிய நெளிதகரம் வேயும் முறையும் வந்தன. 1912இல் தோட்டங்களின் வைத்திய வசதி பற்றிய சட்டங்கள் திருத்தப்பட்டபோது, லயங்களின் சுகாதாரமும் அரசாங்க உத்தியோகத்தரின் பார்வைக்கு உட்படலாயிற்று. தகரத்தை மலைக்கு ஏற்றுவது முன்னாளில் மாட்டு வண்டியின் சிரமமாயிருந்தது. 1904இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை குறுகிய இரயில் பாதை வந்து சேர்ந்த பிறகு, அரிசி மூடையும் தகரமும் மேலே வந்தன, தேயிலைப் பெட்டி கீழே போயிற்று. வலப்பனையின் மேட்டுப் பகுதிகளிலுள்ள லயங்களுக்கு அந்தச் சின்னஞ்சிறு இரயில் செய்த உதவி கொஞ்சமன்று.

வாசகர் இப்பொழுது என்னோடு ஓர் இரட்டை லயத்தினுள் பிரவேசிப்பாராக. குனிந்துதான் நுழைய வேண்டும். இஸ்தோப்புக் கூரை தாழ்வானது. கதவு ஒன்றே. அதன் அருகே மரப்பலகை போட்ட ஒரு சிறு ஜன்னல். உள்ளே போனால், எதிரே நிற்பது அந்த நடுச்சுவர். அதிலே கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை, காற்றுப் புகும் துவாரம் தானும் இல்லை. முன்வாசலால் வந்த காற்று முன்வாசலாலேதான் போக வேண்டும். புகைபோக்கி என்பது துரை பங்களாவின் அலங்காரம். லயத்து அடுப்புக்கு அது கிடையாது. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து தலைச்சுமையாய்க் கொண்டுவந்த மிலாறு ஈரமாயிருந்துவிட்டாலோ, புகை எழும்பி, முகட்டு மரத்தைக் கரியாக்கி, பக்கத்துக் காம்பராவுக்கும் போய், அதற்கடுத்த காம்பராவையும் விசாரித்துவிட்டு, மெல்ல மெல்லத் தகர இடுக்குகளால் வெளியேறும். காரணம் யாதெனில், காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர்கள் பல லயங்களில் கூரை வரை உயர்வதில்லை; ஆள் உயரத்துக்குச் சற்று மேலே அவை நின்றுவிடும். ஒரு வீட்டுக் குப்பி லாம்பின் வெளிச்சம் மூன்று வீட்டு முகட்டில் ஆடும். ஒரு வீட்டுக் குழந்தை இருமினால் வரிசை முழுவதற்கும் தூக்கம் கெடும். புருஷன் மனைவிக்குள் நடக்கும் பேச்சு இரகசியமாயிருக்க வேண்டுமானால், அது பேசாமல் விடப்பட்ட பேச்சாயிருக்க வேண்டும்.

இரட்டை லயத்துக்கே உரிய இன்னொரு விசேஷம் உண்டு. அதை ஒற்றை லயத்தில் காண இயலாது. சரிவிலே சமதரை வெட்டுகின்றபோது மேற்பக்கத்தில் ஒரு மண்திட்டு எழுகின்றது. லயத்தின் ஒரு வரிசை அம்மண்திட்டைப் பார்த்து நிற்கும். மற்ற வரிசை பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும். கீழ்ப்பக்கத்தாருக்கு வெயில் உண்டு, வாசல் உண்டு, வாசலுக்கப்பால் நாலு பாத்தி கீரையும் ஒரு கொய்யா மரமும் வைக்க இடமுண்டு, காலையில் எழுந்தால் எதிர்மலையின் பனி விலகுவதைப் பார்க்கும் சுகமும் உண்டு. மேற்பக்கத்தாருக்கோ கைக்கெட்டும் தூரத்தில் பாசி படர்ந்த திட்டு. திட்டுக்கும் இஸ்தோப்புக்கும் நடுவே ஒரு கான். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்தக் கான் நிரம்பி, திட்டு கசிந்து, சுவர் அடி ஈரமாகி, தைப்பொங்கல் வரையில் துணி உலராது. கட்டிய அளவு ஒன்றே, கொடுத்த கூரை ஒன்றே. எனினும் நடுச்சுவரின் இருபுறத்திலும் நடந்த ஜீவியம் ஒன்றன்று. எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானித்தது பெரிய கங்காணியின் வாய்ச்சொல். அக்காலத்திலே சாதி பார்த்து லயம் பிரித்ததும் அவரே. சீமையிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தவர், சீமையின் தெருவமைப்பையும் அவிழ்த்துப் போடாமல் அப்படியே கொண்டுவந்தார் என்றே கொள்ள வேண்டும். துரைமார்க்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. பெரட்டுக்களத்தில் தலையெண்ணிக்கை சரியாயிருந்தாற் போதும்.

முதுகொட்டிய வீடு நம் நாட்டிலே மட்டும் தோன்றிய விநோதமன்று. இங்கிலாந்திலே லீட்ஸ், பேர்மிங்ஹாம் முதலிய தொழில் நகரங்களில், ஆலைத் தொழிலாளர்க்காக இதே பாணியில் பின்சுவர் பொதுவான வீடுகளை ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். காற்றோட்டமின்மையால் காச நோயும் பிற தொற்றுக்களும் பெருகுவதைக் கண்ட வைத்தியர்களும் நகர சபையார்களும் நெடுங்காலம் முறையிட்டதன் பலனாக, 1909ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் இத்தகைய வீடுகளைப் புதிதாகக் கட்டலாகாதென விலக்கியது. லீட்ஸ் நகரத்தார், முன்னரே அனுமதி பெற்றிருந்த வரைபடங்களைச் சாக்காக வைத்து 1937 வரையிலும் கட்டிக்கொண்டேயிருந்தார்கள் என்பது வேறு கதை. பேர்மிங்ஹாமில் எஞ்சிய கடைசித் தொகுதியொன்றைத் தேசிய நம்பிக்கை நிதியம் செப்பனிட்டு, 2004 முதல் நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கும் பொருட்காட்சியாக்கியிருக்கின்றது. அங்கே காட்சிச்சாலையானது இங்கே இன்றைக்கும் குடியிருப்பு. தோட்டங்களின் பங்குகளுக்கு இலண்டனிலே சொந்தக்காரராயிருந்த கனவான்கள், தங்கள் தேசத்திலே கூடாதென்று தங்கள் பாராளுமன்றமே ஒதுக்கியதோர் அமைப்பினுள் கொழுந்து பறிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக வசித்ததை அறிந்திருந்தார்களோ, அறிந்தும் கணக்கில் எடுக்கவில்லையோ. எப்படியாயினும் இலாபப் பங்கு தவறாமற் போய்ச் சேர்ந்தது.

இனி உடைமையின் வரலாற்றுக்கு வருவோம். லயம் நிற்கும் நிலம் முதலிலே யாருடையது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியதென்று அனுமானித்தது. நிரூபிப்பதற்கு ஓலையோ சன்னசோ இல்லாத கிராமத்தவன் தன் ஹேனைக் காட்டையும் மேய்ச்சல் மேட்டையும் இழந்தான். முடியிடமிருந்து தோட்டக்காரர் ஏக்கர் ஒன்றை 5 சிலிங்குக்கு வாங்கினார்கள். 1844இல் அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு, அடுத்த சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. வலப்பனைக்கு அயலிலுள்ள ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அவ்விடத்தை நிரப்ப வந்தது.

இந்த இடத்தில் வலப்பனைக்கே உரிய ஒரு துயரத்தைச் சொல்லாமற் போவது நியாயமன்று. 1880களில், நெல்வரி செலுத்த மாட்டாத உழவர்களின் வயல்களை அரசாங்கம் ஏலத்தில் விற்றது. மலைச்சரிவின் அற்ப விளைச்சலில் சீவித்த வலப்பனைச் சிங்களக் குடியானவர்கள் நிலமிழந்தார்கள். பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இவற்றைப் பகிரங்கமாக எழுதியதிலிருந்து பெருங்கிளர்ச்சி எழுந்து, 1892இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. ஆகவே, ஒரே பத்தாண்டில், ஒரே பிரதேசத்தில், பள்ளத்தில் இருந்தவன் உறுதி கையிலிருந்தும் நிலத்தை இழந்துகொண்டிருந்தான். மேட்டில் இருந்தவன் உறுதி என்பதையே காணாமல் நிலத்தைத் திருத்திக்கொண்டிருந்தான். பிற்காலத்து அரசியல்வாதிகள் இவ்விருவரையும் ஒருவருக்கெதிரே ஒருவரை நிறுத்தியதில் அடைந்த வெற்றியைப் பார்க்கும்போது, இந்தச் சரித்திரத்தை இரு சாராரின் பள்ளிக்கூடங்களிலும் ஒரே பாடமாக வைத்திருந்தால் என்ன என்று தோன்றும்.

தனித் துரைமாரின் கையிலிருந்த தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஸ்டேர்லிங் கொம்பனிகளின் கைக்கும், கொழும்பிலே பதிந்த ரூபாய்க் கொம்பனிகளின் கைக்கும் மாறின. அவற்றை நடத்தியவை கொழும்புக் கோட்டையிலிருந்த ஏஜென்சி ஸ்தாபனங்கள். விக்கிரயம் நிகழுந்தோறும் தொழிற்சாலை, பங்களா, லயம் யாவும் தோட்டத்தோடு சேர்ந்தே கைமாறின. லயத்தினுள் இருந்தவர்க்கு மாத்திரம், தங்கள் வீடு விற்கப்பட்ட செய்தி புதுத் துரை குதிரையில் வந்திறங்கும்போதுதான் தெரியும்.

அவர்களுடைய பாத்தியதை எத்தகையது? வேலையிருக்கும் வரை காம்பரா. பேர் வெட்டினால் காம்பராவும் போயிற்று. மாத ஒப்பந்தம், ஒரு மாத முன்னறிவித்தல். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரையில், கடன் தீராமல் இன்னொரு தோட்டத்து லயத்துக்குப் போகவும் வழியில்லை. பந்துக்கள் வந்து நாலு நாள் தங்குவதானாலும் கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தின் பாதையே தனியார் பாதையாதலால், தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர் லயத்துக்கு வந்தால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியைப் போல் வேஷமிட்டு லயங்களுக்குள் புகுந்தார் என்று மலைநாட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பதற்குரிய செய்திதான், ஆனால் தன் வீட்டுக்கு வரும் விருந்தாளியை வரவேற்கும் உரிமை வீட்டுக்காரனுக்கு இல்லாதிருந்தது என்பதும் அச்சிரிப்பிலே அடங்கியிருக்கின்றது.

இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியதும் உண்டு. 1946இல் கேகாலைப் பகுதியிலுள்ள உருளவள்ளித் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் எடுத்துக்கொண்டு, தொழிலாளர் வெளியேற வேண்டுமென உத்தரவிட்டது. அவர்கள் அசையவில்லை, தோட்டங்களெங்கும் வேலைநிறுத்தம் பரவிற்று, மறுத்தவர்கள் மீது குற்ற அத்துமீறல் வழக்குகள் தொடரப்பட்டன. வெளியேறும்படி அறிவித்தல் பெற்றும் லயத்தை விடாதிருந்த ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு, அரசரெதிர் செல்வநாயகம் என்ற பெயரில் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1950இல் முடிவாயிற்று. உடைமைக்காரருக்குத் தொந்தரவு கொடுப்பதே ஒருவனது பிரதான நோக்கமாயிருந்தாலன்றி, குடியிருந்த இடத்திலே தொடர்ந்து குடியிருப்பது மாத்திரம் குற்றமாகாதென்று அந்த நியாயசபை கருதிற்று. சொத்துரிமை எதனையும் அத்தீர்ப்பு கொடுத்துவிடவில்லை. ஆயினும், வீட்டிலே இருக்க விரும்புவதுதான் அவனது நோக்கம் என்ற எளிய உண்மையை, வீடு என்ற அர்த்தத்திலே, ஒரு மேலான நீதிபீடம் ஏற்றுக்கொண்டது. லயத்தின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒரு வாசகம் எழுதப்பட்டதை நான் அறியேன்.

ஆனால் அத்தீர்ப்பு வருமுன்னரே வீட்டின் கேள்வியை நாட்டின் கேள்வி விழுங்கிவிட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுச் சட்டமும் லயத்திலிருந்தவர்களுள் பெரும்பாலோரை எந்தத் தேசத்துக்கும் உரியவரல்லாதவராக்கின. நாடற்றவனுக்குக் காணி ஏது? 1964 அக்டோபரில் சிறிமா, சாஸ்திரி இருவரும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டு, மிஞ்சிய 150,000 பேர் 1974இல் பப்பாதியாகப் பங்கிடப்பட்டார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பிரிந்த குடும்பங்களைப் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டிருக்கின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். கட்டட வரலாற்றுக்காரன் கவனிக்க வேண்டியது, அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறிய பின்பு லயத்திலே நிகழ்ந்த ஒரு சிறு மாறுதலை. நெருக்கம் குறைந்த சில லயங்களில், முன்பக்கத்துக் காம்பராவில் இருந்த குடும்பத்துக்கே அதன் பின்பக்கத்துக் காம்பராவும் கிடைத்தது. அலவாங்கை எடுத்து நடுச்சுவரிலே ஆளளவு கல்லைப் பெயர்த்து, பழைய தேயிலைப் பெட்டிப் பலகையால் நிலையொன்று ஒப்பேற்றி, கதவுக்குப் பதிலாகச் சீலையைத் தொங்கவிட்டவர்களும் உண்டு. அச்சீலையை விலக்கினால், மேற்பக்கத்துத் திட்டிலிருந்து வந்த காற்று நேரே கீழ்ப்பக்கத்து வாசலுக்குப் போகும். கட்டிய நாள் தொட்டு அக்கட்டடத்துக்கு வந்து சேர்ந்த மிகப் பெரிய சீர்திருத்தம் இதுவே எனலாம். இதனை எந்தக் கொம்பனியின் இன்ஜினியரும் வரைந்து கொடுக்கவில்லை.

1972ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 50 ஏக்கருக்கு மேற்பட்ட தனியார் காணியை எடுத்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கொம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. லயத்துக்கு இப்பொழுது அரசாங்கமே சொந்தக்காரர். ஜனவசம என்னும் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அதன் சார்பில் நிர்வாகிகள். 1992இல் தோட்டங்கள் 22 பிராந்தியக் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பின்னர் அவ்வொப்படைப்பு 53 ஆண்டுக் குத்தகையாக உறுதிப்பட்டது. அக்குத்தகை 2045 வரைக்கும் ஓடும். சொந்தக்காரர் மாறும் ஒவ்வொரு முறையும், கூரையைச் செப்பனிட வேண்டியவர் பழையவரா புதியவரா என்னும் தர்க்கம் முடிவதற்குள் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகிவிடும். ஆகையாற்றான், தகரத்தின்மேல் கருங்கல்லையும் பழைய டயரையும் ஏற்றிவைத்த கூரைகளை மலைநாடெங்கும் காண்கின்றோம். காற்று மாதத்தில் தகரம் பறந்தால், புதுத் தகரத்தைக் கடையில் வாங்கி ஏற்றுபவர் யார் என்றால், அவ்வீடு தம்முடையதல்லவென்று சட்டம் சொல்லும் அதே மனிதர்தாம். இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து ஒரு படுக்கையறை செய்தவரும் அவர். வாசலிலே தகரச் சாய்ப்பு இறக்கி அடுப்பை வெளியே கொண்டுபோனவரும் அவர். சீமெந்து வாங்கித் தரையைப் பூசியவரும், மேக வர்ணத்திலோ இளஞ்சிவப்பிலோ தம் பங்குச் சுவருக்கு மாத்திரம் மை பூசி, பக்கத்துக் காம்பராவின் எல்லையிலே நூல் பிடித்தாற்போல் நிறுத்தியவரும் அவர். அந்த வர்ணக் கோட்டைக் காட்டிலும் தெளிவான எல்லைக் கல்லை எந்த நில அளவையாளரும் நட்டதில்லை.

1990களில் தோட்ட வீடமைப்புக்கென அமைந்த நிதியத்தின் உதவியுடன் தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் கட்டப்பட்டன. இந்த இரட்டை வீட்டிலும் ஒரு சுவர் பொதுதான். ஆனால் அது பக்கச் சுவர். பின்புறம் அவரவர்க்குத் தனி, பின்கதவும் தனி. கடனைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டார்கள். கடன் தீர்ந்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் அநேகம். அதன் பின் 2015 தொட்டு 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்னும் திட்டமும், இந்திய அரசின் உதவியில் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் பேச்சுக்கு வந்தன. நடைமுறை பேச்சின் வேகத்தில் நடக்கவில்லை. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராம அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் நிறைவேறிற்று. அதே ஆண்டில் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டது. அதுவரை, வலப்பனைப் பிரதேச சபைக்கு வாக்களித்து உறுப்பினரை அனுப்பும் லயத்து மக்களுக்காக அச்சபை தோட்டத்துக்குள் ஒரு கானை வெட்டுவதற்கும் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

கானைப் பற்றிச் சொன்னது வெறும் பேச்சுக்கன்று. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குரன்கெத்தைப் பகுதிகளில் மலை சரிந்து உயிர்கள் மாண்டன. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்களே மண்ணுள் புதைந்தன. சரிவை வெட்டி, திட்டுக்கு முகங்கொடுத்துக் கட்டிய மேற்பக்கத்துக் காம்பராக்களுக்குக் கனமழை இரவென்றால் என்ன பொருள் என்பதை அங்கே படுத்துறங்குகின்றவர்கள் அறிவார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்து, அபாயமான இடம், குடியெழும்புங்கள் என்று எழுதிக் கொடுப்பதுண்டு. குடியெழும்பி எங்கே போவது என்பது அவர்களுடைய காகிதத்தில் இருப்பதில்லை. இருக்கவும் இயலாது, அது அவர்கள் இலாகாவின் விஷயமன்று.

ஆக, இன்றைய நிலையை ஒரு காணி உறுதியின் அட்டவணைபோல் எழுதினால் இப்படி வரும்: நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கொம்பனியுடையது, கல்லும் பழைய மரமும் தோட்டத்தின் சொத்துக் கணக்கில், தகரத்திற் பாதி, சீமெந்து, கதவு, சாய்ப்பு, மின்சார வயர் ஆகியன உள்ளே இருப்பவர் பணத்தில், அவருக்குச் சுவாதீனம் உண்டு, சாசனம் இல்லை. புதுவீடு கிடைத்துப் போகின்றவர், விட்டுப்போகும் காம்பராவை இடித்துவிட வேண்டுமென்று திட்டக்காரர் சொல்கின்றார்கள். இரட்டை லயத்தில் ஒரு காம்பராவை மாத்திரம் இடிப்பது எப்படி? இடமும் வலமும் பின்னும் மூன்று குடும்பத்தின் சுவர்கள் அதிலே தொற்றிக்கொண்டிருக்கின்றன. முகட்டு மரம் ஒன்றேயாதலால் அதை அறுத்தால் பக்கத்து வீட்டுக் கூரையும் இறங்கும். ஆதலால் இடிப்பார் இல்லை. நாலு நாள் பூட்டிக் கிடந்த காம்பராவுக்கு, ஐந்தாம் நாள் புதுமணத் தம்பதி ஒன்று, பாயும் சட்டியும் எடுத்துக்கொண்டு வந்து சேரும். எதிர்வீட்டு அம்மாயி கொடுத்த நெருப்பிலே அடுப்பு மூட்டுவார்கள். தோட்டக் காரியாலயத்திலே அவர்கள் பேர் பதிவாவதற்கு இன்னும் சில மாதங்கள் ஆகும்.

அந்நாளில் தகரத்தை ஏற்றிவந்ததாகச் சொன்னேனே, அந்த இராகலை இரயில் பாதை 1940களில் ஏன் கைவிடப்பட்டது என்பதையும், அதன் நிலையக் கட்டடங்களில் இப்பொழுது யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.